கலகலப்பு என்று எழுதியவள்

அறுபது வயது விவசாயி ஒருவரை ஓர் அரசியல்வாதி கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார். அதை நான் 'கூட்டத்தில் கலகலப்பு' என்று எழுதினேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மற்றதை ஆரம்பித்தால், இதுவும் நான் அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த செய்திகளைப் போலத்தான் இருக்கும்.

காரைக்காலில் ஒரு நாளிதழுக்குப் பதினேழு வருஷம் பகுதிநேர நிருபராக இருந்தேன். மின்தடை, திருவிழா, திரும்பி வராத படகு, பள்ளி ஆண்டு விழா, எல்லாம் எழுதுவேன். அந்த அரசியல்வாதியைப் பற்றியும் எழுதினேன். எங்கள் பக்கத்து மக்கள் பிரதிநிதி. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டுப் போட்டுத்தான் அந்த ஆளை வளர்த்தோம், அது போதும்.

அன்றைக்கு விழிதியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் குறைகேட்புக் கூட்டம். காலை பதினொரு மணி. நிருபர்கள் ஆறு பேருக்கு முன்வரிசையில் தனி நாற்காலி, காபி, தோளில் ஆளுக்கொரு துண்டு. வாய்க்கால்களைத் தூர்வாரிவிடுவோம் என்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது நடுவரிசையிலிருந்து அந்த விவசாயி எழுந்தார்.

"ஐயா, போன வருஷமும் இதே மண்டபத்துல இதையேதான் சொன்னீங்க. தூர்வாரலை. சம்பா முழுகிப் போச்சு. இந்த வருஷம் எந்தத் தேதியில மெஷின் வரும்னு மட்டும் சொல்லிடுங்க."

மேடையில் இருந்தவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"தேதி வேணுமா ஒனக்கு? எந்திரிச்சிட்டேல்ல? அப்படியே நில்லு. நான் சொல்ற வரைக்கும் ஒக்காரக் கூடாது."

மண்டபம் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த புகைப்படக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பயந்துகொண்டு சிரித்ததாகச் சொன்னால் பொய். அவர் யாரையாவது மட்டம் தட்டினால் சிரிக்க வேண்டும் என்று எனக்குப் பழகிப் போயிருந்தது. நடுவில் ஒரு தரம் அந்த மனுஷர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பார்த்தார். கட்சிக்காரர்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். மறுபடியும் சிரிப்பு. கூட்டம் முடிந்து அவர் காரில் ஏறிய பிறகுதான் விவசாயி உட்கார்ந்தார்.

மறுநாள் பேப்பரில் என் செய்தி வந்தது. 'கேள்வி கேட்ட விவசாயிக்கு அதிரடி பதில்' என்று தலைப்பு. படத்தில் மேடையும், நீட்டிய விரலும் மட்டும் இருந்தன. நின்றவரை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அன்று மத்தியானமே ஒரு அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பேப்பர். நின்றவருடைய மனைவி. விழிதியூரிலிருந்து பஸ் ஏறி, விசாரித்து வந்திருந்தார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை.

"நீங்கதானே இத எழுதுனது?"

"ஆமாங்க."

"கலகலப்புன்னு போட்டிருக்கு. யாரு சிரிச்சா?"

"மண்டபத்துல எல்லாருந்தாங்க."

"நீங்க சிரிச்சீங்களா?"

"சிரிச்சேங்க."

அந்த அம்மா பேப்பரை நாலாக மடித்தார். "எங்க வீட்டுக்காரரு நேத்து வந்ததுலேந்து சோறு எறங்கல. ஒங்கள ஏசறதுக்கு நான் வரல. நடந்தத நடந்தபடி போடுங்க. அது போதும்." தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அந்த அம்மாவின் மேல். வீடு தேடி வந்து கேட்கிறாளே என்று. வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது. பழைய பேப்பர் கட்டை எடுத்து என் செய்திகளைப் படித்துப் பார்த்தேன். மைக் இரைந்ததற்காக அந்த அரசியல்வாதி மைக்செட்காரரைக் கன்னத்தில் அறைந்தார். 'கறார்' என்று எழுதியிருந்தேன். கொம்யூன் பஞ்சாயத்து என்கிற எங்கள் ஊராட்சி அலுவலக ஊழியரை எல்லார் முன்னாலும் நாயே என்றார், 'ஆவேசம்'. தனக்கு வாக்களிக்காத தெருவுக்கு விளக்கு கிடையாது என்று மைக்கிலேயே சொன்னார், 'சூசகம்'. அதில் சூசகம் எங்கே இருந்தது? ஒரு மனுஷன் ஊரைத் தன் வீட்டு மாட்டுக்கொட்டகை மாதிரி நடத்துகிறான், நான் அகராதியில் நல்ல வார்த்தையாகத் தேடிப் போர்த்திவிட்டிருக்கிறேன். என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

மறுநாள் விழிதியூர் போனேன். விவசாயி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது முழங்கைக்கு மேலே விரல் பதிந்த கன்றல். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் போகவில்லை. பிறகு அவரே பேசினார்.

"அவன் நிக்கச் சொன்னான், நின்னேன். அது போவட்டும். முன்னால நீங்க ஆறு பேரு பேனாவ வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. ஒருத்தர் எந்திரிச்சு, ஏன் சார் அவர நிக்க வக்கிறீங்கன்னு கேட்டிருந்தா நான் ஒக்காந்திருப்பேன். நீங்க காபி குடிச்சீங்க."

திரும்பி வந்ததும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவர் என்ன கேட்டார், மேடையிலிருந்து வந்த பதில் என்ன, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நின்றார், யார் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். நிருபர்களும் சிரித்தார்கள் என்பதையும் சேர்த்தேன். அனுப்பிய கால் மணி நேரத்தில் செய்தி ஆசிரியர் போன் செய்தார்.

"என்னம்மா இது? ஏற்கெனவே போட்ட செய்தி. அவர் தமாஷா சொன்னது."

"கையில கன்றிப் போயிருக்கு சார். தமாஷ்ல கன்றுமா?"

"சரி, அவர் தரப்பையும் கேட்டு வாங்கிப் போடுங்க. ரெண்டு பக்கமும் வரணும்ல?"

"ஒருத்தர் நிக்க வச்சாரு, ஒருத்தர் நின்னாரு. ஆறு நிருபருங்க கண்ணால பாத்தோம். இதுல ரெண்டாவது பக்கம் எது சார்?"

"நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படுறீங்க" என்று வைத்துவிட்டார். மறுநாள் ஆறாம் பக்கத்தில் நாலு வரி வந்தது: 'விவசாயி வருத்தம்'. யாரால், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம் மக்கள் பிரதிநிதி நிருபர்களைக் கூப்பிட்டிருந்தார். போவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் ஆறு நிருபர்களும் புகைப்படக்காரரும் பேசினோம். நான் கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "ஒரே ஒரு கேள்வி. அந்த விவசாயியை ஏன் நிக்க வச்சீங்கன்னு நான் கேக்குறேன். அவர் பதில் சொல்லாம தாண்டிப் போனா, அடுத்த ஆள் அதையே கேளுங்க. அவ்வளவுதான்." எல்லாரும் சரி என்றார்கள். புகைப்படக்காரர், "கேப்போம்க்கா, நாம என்ன அடிமையா?" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அடுத்த கேள்வி."

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் தொண்டையைச் செருமினார். "சார், சனிப்பெயர்ச்சிக்குப் பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் எப்படி?" என்றார். அதற்கடுத்தவர் பைபாஸ் ரோடு. அதற்கடுத்தவர், இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறீர்களே, எப்படி சார் என்று கேட்டார். காலையில் என்ன சாப்பிடுகிறார் என்று அவர் விளக்கினார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். நான் எழுந்து மறுபடி அதே கேள்வியைக் கேட்டேன்.

"இந்தம்மாவ யாரு உள்ள விட்டது?" என்று உதவியாளரைக் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஜனங்க என்னையத்தான் வேணுங்குறாங்க. நீங்களும் என் பேரத்தான் போடுறீங்க. அப்புறம் எதுக்குங்க எலெக்‌ஷன்? வீண் செலவு." இதற்கும் சிரிப்பு.

வெளியே வந்ததும் புகைப்படக்காரரிடம், விழிதியூரில் எடுத்த முழுப் படத்தையும் கொடுங்கள் என்றேன். "அழிச்சிட்டேன்" என்றார். "ஒங்களால எங்க எல்லாருக்கும் கதவு சாத்துனா யாரு பதில் சொல்றது? நியாயம் பேசறதுன்னா வீட்ல ஒக்காந்து பேசுங்க." நாம என்ன அடிமையா என்று கேட்ட அதே வாய்.

தேர்தல் வேண்டாம் என்று அவர் சொன்னது மறுநாள் ஒரு பேப்பரிலும் இல்லை. ஒன்றில் மட்டும், 'நிருபர்களுடன் நகைச்சுவையாகப் பேசினார்' என்று இருந்தது.

பத்து நாள் கழித்து எங்கள் பேப்பரிலேயே, பாதிப் பக்க அகலத்தில், நான் கேட்ட கேள்விக்கு ஒரு மறுப்பு வந்தது. கூட்டத்தில் தன்னை யாரும் நிற்க வைக்கவில்லை என்றும், கால்வலியால் தானாகவே நின்றதாகவும் எழுதிய கடிதத்தில் விவசாயி கையெழுத்துப் போட்டிருந்தார். கால்வலிக்காரர் யாராவது முக்கால் மணி நேரம் தானாக நிற்பாரா என்று அலுவலகத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த அம்மா போன் செய்தார்.

"கையெழுத்து அவரோடதுதான். எழுத்து அவரோடது இல்லைங்க. கட்சிக்காரங்க அஞ்சாறு பேரு வந்து ஒக்காந்துட்டாங்க. மகனோட வேல போயிடுமோன்னு யோசிச்சாரு. நீங்க கோவிச்சுக்காதீங்க." பிறகு சொன்னார்: "பொக்லைன் வந்துச்சு. எங்க வயலுக்கு முந்துன வயல் வரைக்கும் வெட்டிட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். பக்கத்து வயல் வரைக்கும் வாய்க்கால் கறுப்புச் சேறு அள்ளிப் போட்டுச் சுத்தமாக இருந்தது. சரியாக இவர் வரப்பு தொடங்கும் இடத்தில் ஆகாயத்தாமரை மதில் மாதிரி நின்றது. பின்னால் இருக்கும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் வயலுக்கும் அதே வாய்க்கால்தான். ஒருவரைப் பழிவாங்க அத்தனை பேரையும் மூழ்கடிக்கத் துணிந்திருந்தார்கள். அந்த வரப்பில் நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இதுவரை யார் மேலும் நான் உணர்ந்ததில்லை.

இந்த முறை தந்திரமாக எழுதினேன். 'வாய்க்கால் தூர்வாரும் பணி பாதியில் நின்றது' என்று தலைப்பு. முதல் இரண்டு பத்தியில் நீர், மண், ஆகாயத்தாமரை. மூன்றாவது பத்தியில், வேலை எந்த வயலோடு நின்றது, அந்த வயல் யாருடையது, அவர் கூட்டத்தில் என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது, எவ்வளவு நேரம் நின்றார், மறுப்புக் கடிதம் எப்படி வந்ததென்று அவர் வீட்டில் சொன்னது, எல்லாம் இருந்தது. அந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டி, "போடவா?" என்று கேட்டேன். வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அவர் தலையசைத்தார். வாய்க்கால் செய்திதானே என்று உதவி ஆசிரியர் கடைசி வரை படிக்காமல் விட்டுவிட்டார். முழுசாக வந்தது.

அந்தக் குடும்பத்துக்காரர்கள் எல்லாரும் பேப்பரை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் மெஷின் திரும்பி வந்து மிச்சத்தை வெட்டியது. அதே வாரம் என்னைப் பேப்பரிலிருந்து நிறுத்தினார்கள். காரணம் கேட்டேன், நிர்வாக முடிவு என்றார்கள். மற்ற ஐந்து பேரில் ஒருவர்கூடப் போன் செய்யவில்லை.

இப்போது ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அவர் அப்படியேதான் இருக்கிறார், இன்னும் பெரிய காரில். கூட்டங்களுக்கு நான் போவதுண்டு. பொதுமக்கள் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொல்வதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வேன். அவருடைய ஆட்கள் என்னைக் காட்டிக் காட்டிப் பேசுவார்கள். பேசட்டும்.

போன மாதம் செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். "தேர்தல் வருதும்மா. ஒங்களாட்டம் ஊரு தெரிஞ்ச ஆள் இல்ல. வந்துடுங்க."

"அவரு சொல்றத அவரு சொன்ன வார்த்தையிலேயே போடுவீங்களா சார்? அது பொய்யா இருந்தா, பொய்னு பக்கத்துலயே போடுவீங்களா?"

"பாத்து அனுசரிச்சுப் பண்ணலாம்மா" என்றார்.

"அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.