வால்ட்டரின் தனிக் கிளாஸ்

கோப்பை கழுவுகிறவனுக்கு ஆட்களின் முகம் தெரியாது, எச்சில்தான் தெரியும். கனடாவுக்கு வந்த புதிதில் சிங்க்குக்கு முன்னால் நின்று விரல் நுனி வெளிறிய உங்களில் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் நின்றது தொண்ணூறுகளில், டொராண்டோ நகர நடுவில், ஆண்களை விரும்பும் ஆண்கள் வந்துபோன ஒரு பாரில். இப்போது அந்தப் பார் இல்லை.

கறுப்பு ஜன்னல்

முன் ஜன்னல்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மத்தியானத்தில் சூப்பும் சான்ட்விச்சும் கிடைக்கும். வங்கியிலும் கந்தோரிலும் வேலை செய்கிறவர்கள் பின்கதவால் வந்து சாப்பிட்டுப் போவார்கள். இந்த இருட்டில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார் நடத்திய டேவ் என்பவரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "வெளியே நின்று ஒருவன் பார்த்தால் போதும், இவர்களில் பாதிப் பேருக்கு நாளைக்கு வேலை இருக்காது."

சிவப்பு டேப்

வால்ட்டர் பள்ளிக்கூடத்தில் பியானோ படிப்பித்தவர். சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுவந்து குசினி ஜன்னலில் என்னிடம் தருகிற ஒரே ஆள். என் பெயரை முழுதாகச் சொல்லப் பழகியவரும் அவர்தான். ஒரு குளிர்காலத்தில் மெலிந்துபோனார். கழுத்தில் கத்தரிப்பூ நிறத்தில் புள்ளிகள் வந்தன. என்ன வருத்தம் என்று யாரும் கேட்கவில்லை, எயிட்ஸ் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாத்திரை போடத் தண்ணீர் கேட்டு என்னிடம்தான் வருவார். நான் ஒரு கிளாஸுக்கு அடியில் சிவப்பு டேப் ஒட்டி வைத்தேன். அதை அவருக்கு மட்டும் கொடுப்பேன். இரண்டு சோடி கையுறை போட்டு, பிளீச்சில் ஊறவிட்டு, கடைசியாகக் கழுவுவேன். இதை இன்றைக்கு எழுதவும் வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் அவர் கிளாஸைத் தூக்கி டேப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "எனக்கென்று ஒரு கிளாஸா? இந்தப் பாரில் எனக்குத்தான் ராஜ மரியாதை."

நானும் அதை நம்பிவிட்டேன், மடையன்.

அஜின்கோர்ட்டில் என் கோப்பை

அப்போது நான் அஜின்கோர்ட்டில் சிவம் அண்ணை வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்தேன். சாப்பாடும் அவர்களோடுதான். ரெஸ்டோரன்ற்றில் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன். யாரோ என்னை அந்தப் பின்கதவில் கண்டு, கதையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்று மேலே போனால் என் சோற்றுக் கோப்பையும் தேத்தண்ணிக் கோப்பையும் மற்றவற்றிலிருந்து விலகி, வாசல் பக்கம் இருந்தன.

ஊரில் எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையில், சாதி குறைவு என்று ஒதுக்கிய சில பேருக்குத் தனித் தகரப் பேணி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் நானும் தேத்தண்ணி குடித்தேன். அந்தப் பேணியைத் தூக்கியவருக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று சோற்றைத் தொடாமல் எழும்பினேன். சிவம் அண்ணை என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "குறை நினையாதை தம்பி. நீ நல்ல பொடியன்தான், ஆனா இது பிள்ளையள் புழங்கிற வீடு."

பிந்திக் கேட்ட மன்னிப்பு

மறுநாள் பாருக்குப் போனதும் முதல் வேலையாக டேப்பை உரித்து, அந்தக் கிளாஸை மற்றவற்றோடு கலந்துவிட்டேன். வால்ட்டரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இனி எழும்ப மாட்டார் என்று டேவ் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பயமாகத்தான் இருந்தது, அவர் சாவதற்கல்ல, என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிவிடுவாரோ என்று. டேப், பிளீச், கையுறை எல்லாவற்றையும் என் ஓட்டை இங்கிலிஷில் சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்தார். குரல் மெல்லியதாக வந்தது: "முதல் நாளே தெரியும். என் அம்மாவும் எனக்குத் தனிக் கிளாஸ்தான் தந்தாள். நீயாவது கழுவினாய், அவள் எறிந்துவிட்டாள்."

கடைசி மத்தியானம்

அதற்குப் பிறகும் பார் சில வருடம் நடந்தது. கதிரைகள்தான் ஒவ்வொன்றாக வெறுமையாகின. மூடின அன்று டேவும் நானும் மட்டும் சூப் குடித்தோம். அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "கட்டடத்தை விற்றுவிட்டார்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். உண்மையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வர ஆட்கள் மிச்சமில்லை."

இப்போது மார்க்கம் நகரில் என் வீட்டில் பாத்திரம் கழுவ ஒரு மிஷின் நிற்கிறது, யார் எச்சில் என்று கேளாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழுவுகிற அந்தப் புத்தி அதற்கு வாங்கிவந்த நாளிலேயே இருந்தது.