ரசிகையின் மூத்த மகள்

எழுத்தாளர் இறந்துபோன செய்தி தொலைக்காட்சியில் ஓடிய அன்று காலை அம்மா வாய்விட்டு அழுதாள். கட்டின புருஷன் போனபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. அடுத்த வீட்டுக்காரி, "என்னாச்சு, யாருக்கு என்ன?" என்று பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தத் தொடங்கிவிட்டாள். அந்தக் கட்டடத்தில் அவருடைய துப்பறியும் நாவல்களைப் படிக்காத வீடு கிடையாது.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெரியவள் சமையலறை வாசலில் நின்றபடியே செய்தியைக் கேட்டாள். அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் அது அவருக்காக இல்லை. "அது வெறும் கதைம்மா, உங்க பொண்ணு ஒரு பாவமும் செய்யல" என்று அம்மாவிடம் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவர் சொன்னால் மட்டுமே அம்மா நம்பியிருப்பாள். அவர் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் மாலையோடு படுத்திருந்தார்.

பெரியவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை உதறி, ரத்தக் கறை தனி, மருந்துக் கறை தனி என்று பிரித்து இயந்திரத்தில் போட வேண்டும். உதறும்போது மோதிரம், பல்செட், கைக்கடிகாரம் என்று ஏதாவது விழும். ஒன்று விடாமல் மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுவாள். அவ்வளவு கைசுத்தம். இருந்தும் அங்கே அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் "மூடி". முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்தவர்கள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அந்தப் பெயர் வந்தது அவள் தங்கையின் சாவிலிருந்து. சின்னவள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் குழாயில் தண்ணீர் நூல்போல வர, தொட்டியில் என்ன அடைப்பு என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போனாள். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தவள் உள்ளே விழுந்துவிட்டாள். நீச்சல் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொள்ள, மாடிக்கு வந்த கட்டடத்துக் காவல்காரர் திறந்து கிடந்த இரும்பு மூடியை உள்ளே பார்க்காமலே இழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். காவல்காரர் தலையில் அடித்துக்கொண்டு போலீஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. அந்த மனுஷன் அதே ஏக்கத்தில் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார்.

செய்தித்தாளில் வந்தது நாலு வரி. அதில் "தொட்டி மூடியிருந்தது" என்பது மட்டும் இருந்தது, காவல்காரர் சொன்னது இல்லை. எழுத்தாளருக்கு அந்த நாலு வரி போதுமானதாக இருந்தது. அடுத்த வருடம் "மூடியைத் திறக்காதே" வந்தது. அந்த நாவலில், அக்காவைப் பெண் பார்க்க வந்தவன் தங்கையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட, அக்காக்காரி தங்கையைத் தொட்டிக்குள் தள்ளி மூடியைப் போடுகிறாள். காவல்காரனுக்குப் பணம் கொடுத்து, மழைக்காக நான்தான் மூடினேன் என்று சொல்ல வைக்கிறாள். காவல்காரர் சொன்னதும் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது, அதையும் விட்டுவைக்கவில்லை மனுஷன். நிஜத்தில் பெரியவளைப் பெண் பார்க்க அதுவரை ஒருத்தனும் வந்ததில்லை. புத்தகம் வந்த பிறகு, வருகிறேன் என்று சொல்லியிருந்தவர்களும் வரவில்லை.

அம்மாவும் சின்னவளும் அவருடைய பரம ரசிகைகள். புதுப் புத்தகம் வந்தால் வீட்டில் சோறு பொங்காது. கொலைகாரன் யார் என்று யார் முதலில் கண்டுபிடிப்பது என்று இரண்டு பேருக்கும் போட்டி. பெரியவளுக்கு அதெல்லாம் பொழுது போகாதவர்கள் வேலை. சின்னவள் போன பிறகு அம்மா தனியாகத்தான் படித்தாள். "மூடியைத் திறக்காதே"யைப் பாதி படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த மகளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பாதியிலேயே கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள்.

அன்றோடு சரி. அதன் பிறகு சாப்பாடு, மாத்திரை, மின்சாரக் கட்டணம் என்று தேவைக்குத்தான் பேச்சு. "அம்மா, நான் எதுவும் பண்ணலம்மா" என்று ஒருமுறை பெரியவள் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நான் ஏதாவது கேட்டேனா?" என்றாள் அம்மா. கேட்டால் மறுக்கலாம், சண்டை போடலாம். கேட்காத அம்மாவோடு என்ன செய்வது? வீட்டை விட்டுப் போகவும் அவளுக்கு மனசு வரவில்லை. போனால் குற்றம் உறுதியாகிவிடும் என்ற பயம் ஒரு பக்கம், அம்மாவுக்கு இதயம் பலவீனம், பார்த்துக்கொள்ள வேறு நாதி இல்லை என்பது இன்னொரு பக்கம்.

எழுத்தாளரையே நேரில் போய்ப் பார்த்தாள். நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அய்யோ, உங்க வீடாம்மா அது? நானே வந்து அம்மா கையப் பிடிச்சுச் சொல்றேன்" என்றார். அடுத்த மாதம் என்றார். பிறகு படப்பிடிப்பு என்றார், தொடர்கதை என்றார், சர்க்கரை ஏறிவிட்டது என்றார். கடைசிவரை கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை, கடைசிவரை வரவும் இல்லை. மனுஷனைத் திட்டக்கூட முடியாமல் செய்துவிட்டார் என்பதுதான் பெரியவளுக்கு ஆத்திரம்.

அவர் இறந்த வாரத்து ஞாயிறு மாலை, ரசிகர்கள் ஒரு மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பெரியவள் வேலை முடிந்து அப்படியே போனாள். கையில் இன்னும் சலவைத்தூள் வாசம். பாதிப் பேர் அவருடைய துப்பறிவாளனைப் போலக் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்திருந்தார்கள். அழுகையை மறைக்க அது வசதியாகவும் இருந்தது. பாதியில் நின்றுபோன தொடர்கதையைச் சொல்லி ஒருவர், "கொலைகாரன் யாருன்னு தெரியாமலேயே நம்மள விட்டுட்டுப் போயிட்டாரே" என்று மேடையில் தேம்பினார். கடைசியாகப் பேசியது ரசிகர் மன்றத் தலைவர். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "சார் ஒரு வரிகூடப் பொய்யா எழுதினதில்ல!" என்று தொண்டை கமற முடித்தார். கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

கூட்டம் கலைந்ததும் பெரியவள் அவரைத் தூணோரமாக மறித்தாள். எந்தப் புத்தகம், தான் யார் என்று சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது.

"நீங்களா அது? சாருக்கு அந்தக் குத்தஉணர்ச்சி கடைசிவரைக்கும் இருந்துச்சும்மா. காவல்காரன் மூடினதுதான் நெசம், ஆனா கதைக்கு அது பத்தாதுன்னு மாத்திட்டேன்னு என்கிட்டயே சொல்லியிருக்கார்."

"அத எங்கம்மாகிட்ட வந்து சொல்வீங்களா சார்? அவர்கிட்டயே கேட்டவர் நீங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"இப்பவே போலாம் வாங்க" என்றார் அவர். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போய் என்ன சமைப்பது, அம்மாவும் தானும் நாளைக்கு என்ன பேசுவது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாருக்கு வேண்டியவர் என்று தெரிந்ததும் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அலமாரி நிறைய அட்டை போட்ட நாவல்கள். அதைப் பார்த்ததும் தலைவருக்கும் அடக்க முடியவில்லை. முதல் புத்தகம் எது, பிடித்த புத்தகம் எது என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள், மாற்றி மாற்றி அழுதார்கள். பெரியவள் கதவோரம் நின்றாள்.

அவள் சாடை காட்டியதும் தலைவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, 'மூடியைத் திறக்காதே' பத்தி ஒண்ணு சொல்லணும்..."

அம்மா அழுகையை நிறுத்தினாள். "சொல்லுங்க. அத அவர் நெசம் தெரிஞ்சுதானே எழுதினார்? இத்தன வருஷம் அத நம்பித்தான் நான் இந்த வீட்ல மூச்சு விட்டுட்டு இருக்கேன். அவர் என்ன ஏமாத்தலையே?"

தலைவர் பெரியவளைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். மேடையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"சார் ஒரு வரிகூடப் பொய்யா எழுதினதில்லம்மா" என்றார்.

பெரியவள் அவர் பின்னாலேயே படிக்கட்டுவரை ஓடினாள். "என்ன காரியம் சார் பண்ணிட்டீங்க?"

"மன்னிச்சிடும்மா. இப்பத்தான் அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கோம். அவரப் பொய்யன்னு சொல்ல நாக்கு எழல. இன்னொரு நாள் வந்து பக்குவமாச் சொல்றேன்" என்றபடியே இறங்கினார். எழுத்தாளரும் இப்படித்தான் சொல்வார். இவரும் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. திரும்பி உள்ளே வந்தாள்.

"இங்க வந்து உக்காரு" என்றாள் அம்மா.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் குரல் வித்தியாசமாக இருந்தது. சின்னவளிடம் பேசும் குரல்.

"ஒருவேளை அவரே ஒருநாள் வந்து, அப்படியில்லன்னு சொல்லிடுவாரோன்னு எனக்கு ஒரு நப்பாசை இருந்துச்சு. இன்னையோட அது போச்சு. இனிமே யோசிக்க ஒண்ணும் இல்ல. சின்ன வயசு, ஏதோ ஆத்திரத்துல பண்ணிட்ட. எனக்கு மிஞ்சினது நீ ஒருத்திதான். உன்ன வெறுத்துக்கிட்டே சாக என்னால முடியாது. நான் மன்னிச்சிட்டேன்."

அம்மாவின் கை பெரியவளின் தலையில் விழுந்தது. விரல்கள் முடிக்குள் போயின. அந்தக் கை கடைசியாகத் தன்னைத் தொட்டது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை. "நான் செய்யலம்மா" என்பது நெஞ்சிலிருந்து தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் அந்தக் கை எடுபட்டுவிடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தாள். குனிந்து அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள்.

"அழாத" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள் அம்மா. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."