நான் வெட்டிய மிகச் சிறிய சட்டை

நான் பனியன் கம்பெனியில் உடுப்புக்கு அளவு போட்டு வெட்டிக் கொடுக்கிற பேட்டர்ன் மாஸ்டர். எந்த நாட்டுக் குழந்தைக்கு எந்த வயதில் மார்பு எத்தனை சென்டிமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவனின் மகளுக்கு உலகத்தில் சைஸே இல்லாமல் போய்விட்டது. ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள் ஆயிரத்து நூறு கிராம் இருந்தாள். எங்கள் சார்ட்டில் இருக்கும் ஆகச் சிறிய சட்டையைப் போட்டால் கழுத்து வழியாகவே ஆள் முழுசும் வெளியே வந்துவிடுவாள்.

கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் டயப்பர் மட்டும் கட்டிக் கிடந்தாள். மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஒயர். பிழைப்பாளா என்று கேட்டால், டாக்டர்கள் 'பார்ப்போம்' என்ற ஒரே சொல்லை வைத்துத் தினமும் எங்களை ஓட்டினார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் அந்தச் சொல்லுக்காகவே சத்தம் போட்டேன். அங்கிருந்த நர்ஸ் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து பாப்பாவைத் தொட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

பெட்டியின் ஓட்டை வழியே கையை விட்டேன். தொட்ட கை சும்மா இருக்குமா? என் விரல்களின் நீளம் எனக்கு மனப்பாடம், டேப் தேவையில்லை. தோளுக்குத் தோள் நடுவிரல் நீளம். கழுத்திலிருந்து தொடை வரை ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவு. அளந்துகொண்டிருக்கும்போதே அவள் நெஞ்சு என் விரலடியில் ஏறி இறங்கியது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். இவ்வளவு சின்ன நெஞ்சுக்குள் ஓர் இதயம் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்காமல் வேலையும் செய்கிறது.

மறுநாள் கம்பெனி சாம்பிள் ரூமில் மிச்சம் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்தேன். தையல் உடம்பை உறுத்தாமல் வெளிப்பக்கம் வைத்து, முன்னால் நாடா கட்டுகிற மாதிரி ஒரு சட்டை வெட்டினேன். துவைத்தால் துணி சுருங்கும், அதற்கும் பார்த்துக் கொஞ்சம் துணி கூடுதலாக விட்டேன். மெஷினில் யாரையும் உட்காரவிடாமல் நானே தைத்தேன். டிஸ்சார்ஜ் அன்றைக்குப் போட்டுக் கூட்டி வர என்று எல்லாரிடமும் காட்டினேன். இத்தனை வருஷத்தில் அதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை.

டிஸ்சார்ஜ் வர ஐந்து வாரம் ஆனது. ஒருநாள் இருபது கிராம் ஏறினாள், ஒருநாள் நாற்பது, ஒருநாள் இறங்கினாள். எடையைக் கேட்டே எங்கள் பொழுது போனது. ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியதும் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள்.

பீரோவிலிருந்து சட்டையைப் பெருமையாக எடுத்துப் போய் நீட்டினேன். நர்ஸ் கையை நுழைத்தார். முழங்கையில் மாட்டிக்கொண்டது. எப்படியோ இழுத்துப் போட்டால், முன்பக்கத்து ஓரங்கள் இரண்டும் சேராமல் மூன்று விரல் தள்ளி நின்றன. மாஸ்டர் அளவில் கோட்டை விட்டுட்டாரே என்று நர்ஸ் சிரித்தார். அளவில் தப்பில்லை என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடினேன். அன்றைக்கு அளந்தது அதுதான், நூல் பிசகவில்லை.

என் மனைவி சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, துணி சுருங்கறதுக்கெல்லாம் விட்டிருக்கறீங்க. இவ வளர்றதுக்கு ஏனுங்க விடலே?"

குழந்தை உடுப்பு வெட்டுகிறவன் முதலில் பார்ப்பதே அதைத்தான். அதை நான் மறந்திருக்க முடியாது. டிஸ்சார்ஜுக்கு என்று ஊருக்குச் சொன்னதும் எனக்கே சொல்லிக்கொண்டதும் பொய். இவள் தங்கமாட்டாள், போகும்போது வெற்றுடம்போடு போகக்கூடாது என்றுதான் அதை வெட்டியிருக்கிறேன். அது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சட்டையக் காட்டுன அன்னைக்கே தெரியுமுங்க. நானும் இத்தன நாளா இவளுக்கு ஒரு பேரு யோசிக்கலீங்க."

பெற்றவர்கள் இரண்டு பேரும் கைவிட்டுவிட்டோம். அது எதுவும் தெரியாமல், குழாய் வழியே போன பாலைக் குடித்துக் குடித்து அவள் பாட்டுக்கு வளர்ந்திருக்கிறாள்.

அவளை ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றிக்கொண்டு காரில் ஏறினோம். திருமுருகன்பூண்டி தாண்டும்போது பசித்து அழுதாள். பெட்டிக்குள் வெறுமனே முனகிக்கொண்டிருந்தவள், டிரைவர் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். நான் அவளைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க கண்ணு" என்றேன். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி மனைவி பால் கொடுத்தாள். அங்கிருந்து மண்ணரையில் எங்கள் வீடு வருகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேர் சொல்லிப் பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்த எந்தப் பேரும் அவளுக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.