நாட்டார் போடாத கட்டுப்பாடு

எனக்கு எண்பத்தெட்டு வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றையும் பட்டினி போட்டதில்லை, ஒன்றையும் அடுத்தவர் வாசலில் நிற்க விட்டதில்லை. கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எனக்கு எழுத்து. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

ஆறாவது பிரசவம் எங்கள் ஊர் வீராம்பட்டினத்து மருத்துவச்சி கைக்கு அடங்கவில்லை. என்னை மாட்டு வண்டியில் போட்டுப் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் பத்து வருடம் ஆகியிருந்த சமயம். இரத்தப்போக்கு நின்று நான் கண் திறந்தபோது டாக்டரம்மா பக்கத்தில் நின்றார்.

"இங்க பாரும்மா, இன்னொண்ணு உண்டானா அதுவும் தங்காது, நீயும் தங்கமாட்டே," என்றார்.

இனிமேல் உண்டாகாமல் இருக்க ஓர் ஆபரேஷன் உண்டு, சர்க்கார் செலவிலேயே செய்துவிடலாம், உடம்பு தேறியதும் புருஷனை அழைத்துக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கடலுக்குப் போகிற மனிதர், பேச்சு குறைவு. பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று பொருள்.

அந்த நேரம் பார்த்து ஊரில் தண்டோரா போட்டார்கள். கோயில் திடலில் குடும்பக் கட்டுப்பாட்டுக் கூட்டமாம், எல்லாரும் வரவேண்டுமாம். எங்கள் மீனவர் ஊரில் கட்டுப்பாடு என்றால் வேறு சங்கதி. தப்புச் செய்த வீட்டுக்கு ஊர்த் தலைவரான நாட்டார் கட்டுப்பாடு போட்டுவிட்டால் அடுப்பு பற்றவைக்க நெருப்புக்கூட ஒருவரும் தரமாட்டார்கள். அந்த வீட்டுக் கட்டுமரத்தைத் தள்ள ஒரு கை வராது. ஆக, பிள்ளை அதிகம் பெற்ற குடும்பங்களைச் சர்க்கார் ஊரைவிட்டு ஒதுக்கப்போகிறது என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். என் மாமியார் மூத்த மூன்றையும் நல்லவாட்டில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு ஓட்டிவிட்டார். யார் கேட்டாலும் மூன்றுதான் என்று சொல்லும்படி என்னிடம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி ஒளிக்க இடமில்லாமல் தன் கடைசி இரண்டையும் வலைக் குவியலுக்குள் படுக்க வைத்தாள்.

கூட்டத்துக்கு இரண்டு கட்சிக்காரர்களும் வந்தார்கள். இந்த ஆபரேஷனுக்கு ஒதுக்கின பணம் தீர்ந்துவிட்டது, மேற்கொண்டு ஒதுக்கலாமா கூடாதா என்று புதுச்சேரிச் சட்டசபையில் அப்போது வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. சபையை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பிரெஞ்சுப் பழக்கத்தில் அசாம்பிளே என்றுதான் சொல்வார்கள். முதலில் பேசினவர் வாயால் வலை வீசுகிறவர்.

"பட்டாளத்துக்குப் போன சொல்தா வீட்டுல புள்ள பொறந்தா பிரெஞ்சுக்காரன் பணம் குடுத்தான். இவங்க புள்ள பொறக்காம இருக்கப் பணம் குடுக்கறாங்க. அந்தப் பணத்துல உங்களுக்கு ஒரு படகுத்துறை கட்டலாம்," என்றார்.

கைதட்டல் எழுந்தது. என் வீட்டுக்காரரும் தட்டினார். பெண்கள் பக்கத்தில் கைப்பிள்ளையோடு நின்று அதைப் பார்த்தேன். படகுத்துறை நல்லதுதான். நான் என்ன அதற்கு எதிரியா? ஆனால் அந்தப் பணம் துறைக்குப் போனால் என் உயிர் மண்ணுக்குப் போகும்.

அடுத்துப் பேசினவர், பிரசவத்தில் சாகிற தாய்மார்களைப் பற்றி விளக்கமாகவே பேசினார். பேசி முடித்ததும் ஒரு கிழவர் எழுந்து, "அதெல்லாம் சரி, தெண்டம் எவ்ளோ?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாட்டார்தான் எழுந்து விளக்கினார். இது நாட்டார் போடுகிற கட்டுப்பாடு இல்லை, புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்வது, தண்டம் கிடையாது என்றார்.

என் மாமியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வீடு வந்ததும் மகனைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், துறை கட்டினா படகு நிக்கும். இவ பூட்டா உன் ஆறு புள்ளையும் எங்கடா நிக்கும்? இன்னொருத்திய கொண்டாந்து உனக்குக் கட்டி வெக்க என்னால ஆவாது."

அசாம்பிளேயில் பணம் ஒதுக்கினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்ன சொல் மாறமாட்டார்.

அதற்குப் பிறகு எனக்குச் சபையே சாமி. நான் பிள்ளைகளோடு தனியாகப் படுத்தேன். தினமும் மீன் கூடையோடு புதுச்சேரி மார்க்கெட்டுக்குப் போவேன். சபை உறுப்பினர் ஒருவர் வீட்டுச் சமையல்காரர் என்னிடம்தான் மீன் வாங்குவார். அவரிடம் தினமும் கேட்பேன். இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பார். ஒரு காலையில் அவரே தேடி வந்தார்.

"உன் விசயம் பாஸாயிடுச்சும்மா. எங்க ஐயாவுக்குக் கத்திக் கத்தித் தொண்ட கட்டிப் போச்சு. மொளகு ரசம் வெக்கணும்."

ஐயா எந்தப் பக்கம் கத்தினார் என்று கேட்டேன். அது உனக்கெதற்கு, மீனைக் கொடு என்றார். வஞ்சிரத்தில் நல்ல நடுத்துண்டாக எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கைநாட்டு வைத்துவிட்டு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தையல் ஆறும்வரை வலி இருந்தது, அது பெரிதில்லை. சர்க்கார் காசில் அறுத்துக்கொண்டவள் என்று ஒருத்தி என்னைக் குத்திப் பேசினாள். மார்க்கெட்டில் கூடைக்குக் கூடை வரி கட்டினவள் நான், அதில் கொஞ்சம் எனக்கே திரும்பி வந்தது என்று சொல்லி அனுப்பினேன்.

கல்யாணமான நாளிலிருந்து, மாதக் குளி தள்ளிப்போனதா என்று நாள் எண்ணாமல் நான் ஒரு மாதமும் கழித்ததில்லை. அதன் பிறகு எண்ணவே இல்லை. அவர் பக்கத்தில் பயமில்லாமல் படுத்தேன். ஆறு பேருக்கும் நானே கல்யாணம் செய்து வைத்தேன்.

போதும், எழுதினது போதும். எங்கே, ஒரு தடவை வாசி கண்ணு, கேட்கிறேன்.