எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படித்தவள்

ஒன்றாம் வகுப்பை யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். மூக்கொழுகல், தூக்கம், அழுகை, டவுசரை நனைப்பது எல்லாம் அங்கேதான். நான் கேட்டு வாங்கினேன். ஜவ்வாது மலையில் இருந்த அந்தப் பள்ளியில் நானும் தலைமையாசிரியரும் மட்டும்தான். பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்றால், "டீச்சருக்கு எத்தினி கொயந்தைங்க?" என்று கேட்பார்கள். சின்னதுகள் கேட்காது. அதுதான் காரணம். எனக்குக் குழந்தைகள் மேல் கொள்ளைப் பிரியம் என்று தலைமையாசிரியர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

பிரியமெல்லாம் ஒன்றும் கிடையாது. என் மகள் நடை பழகுவதற்கு முன்பே போய்விட்டாள். கலசப்பாக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார்கள். ஒன்றும் உறைக்கவில்லை. கணவர் வேறு ஊரில் வேலையில் இருந்தார், அங்கேயே இருந்துகொண்டார். மலைப் பள்ளியில் ஓர் இடம் காலியாக இருந்தது, எல்லோரும் போக மறுத்தார்கள். எழுதிக் கொடுத்தேன், கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. மணியடித்தால் சாப்பிட்டேன், இருட்டினால் படுத்தேன். பாடம் மட்டும் ஒழுங்காக நடத்தினேன், கை தானாகச் செய்கிற வேலையாக.

இருந்த ஒரே அறையும் கரும்பலகையும் பெரிய வகுப்புகளுக்கு. ஒன்றாம் வகுப்புக்கு வெளி வராந்தா. ஓடை மணலைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, நான் ஒரு பக்கம் உட்கார, பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். மணலில் விரலால் எழுதிக் காட்டுவேன். முதலில் ட, பிறகு ப, பிறகு ம. வளைவு அதிகமில்லாத எழுத்துகள் சின்ன விரல்களுக்கு எளிது. அந்த மூன்றும் வந்துவிட்டால் 'படம்' வந்துவிடும். அப்புறம் சிலேட்டு. பாடப்புத்தகம் மலையேறி வருவதற்குள் பாதி வருஷம் போய்விடும் என்பதால், என்னிடம் இருந்த ஒரே பழைய புத்தகத்தை நடுவில் விரித்து வைப்பேன். எல்லோரும் அதைச் சுற்றிக் குனிந்துகொள்வார்கள்.

அவர்களில் ஒருத்தி தங்கச்சியோடு வருவாள். வருஷத் தொடக்கத்தில் தங்கச்சிக்கு ஐந்தாறு மாதம் இருக்கும். அம்மா சாமைக் கொல்லையில் களையெடுக்கப் போய்விடுவாள். குழந்தை இவள் இடுப்பில். அது அழுதால் சட்டென்று எழுந்து முற்றத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக எனக்கு நேர் எதிரே, படியோரம்தான் உட்காருவாள். அந்த இடத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே மணலில் எழுதுவாள். சிலேட்டில் எழுதி எதிர்ப்பக்கத்திலிருந்தே என் முன்னால் நீட்டுவாள். எல்லோரையும்விட அவள் எழுத்துதான் நன்றாக இருக்கும். குழந்தை சில சமயம் தவழ்ந்து வந்து என் புடவையைப் பிடிக்கும். நான் தூக்கியதில்லை. "இந்தா, உன் தங்கச்சியைப் புடி" என்பேன்.

புளி உலுக்கும் காலத்தில் அவள் அப்பா வந்தார். மலையில் இன்னொரு பக்கம் விடுதியோடு ஒரு பள்ளி இருந்தது. ஜூனில் இரண்டாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். இடம் கொஞ்சம் என்பதால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

"அங்க மூணு வேளையும் சோறுங்களாமே டீச்சரம்மா. இது தேறுமா? தேறலன்னா ஆடு மேய்க்க வுட்டுடறேன். சும்மா இங்க வந்து குந்திக்கினு இன்னா பண்றது?"

"தேறும். நான் கூட்டிட்டுப் போறேன், நீங்களும் வாங்க" என்றேன். அவள் கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து மற்றவர்கள் போன பிறகும் புத்தகத்தின் முன்னால் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். நான் விரட்டினால்தான் போவாள். ஆசை என்றால் என்ன என்று எனக்கு மறந்திருந்தது. ஆனால் கண்ணெதிரே இருந்தால் அடையாளம் தெரியத்தானே செய்யும்.

ஜூனில் ஜீப் பிடித்துப் போனோம். நான், அப்பா, அவள், அவள் இடுப்பில் தங்கச்சி. விடுதிப் பள்ளித் தலைமையாசிரியர் அவளை உட்காரச் சொல்லிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அவள் தரையில் வைத்தாள். வைத்ததைத் தலைகீழாகத் திருப்பினாள்.

அவர் சிரித்துக்கொண்டே நேராக்கினார். "ம், படி."

அவள் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். மெதுவாகப் புத்தகத்தை மறுபடி திருப்பப் போனாள்.

"இன்னாம்மா இது? புத்தகம் புடிக்கவே தெரியல. இத எப்டி எடுக்கறது?" என்று என்னைப் பார்த்தார். அவள் அப்பா ஏற்கெனவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார். அவள் தலையைத் தூக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வருஷம் முழுக்க மணலையும் புத்தகத்தையும் எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்தவள். அவளுக்கு எழுத்து என்றாலே தலைகீழாக நிற்பதுதான். சிலேட்டிலும் அப்படித்தான் எழுதினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து நீட்டும்போது எனக்கு நேராகத் தெரிந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். புத்தகத்தை என் பக்கம் நேராக வைத்தேன். "இப்ப படி."

விரலை வைத்தாள். அவளுடைய வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக விரல் நகர்ந்தது. "ம... ர... ம். மரம். மா... டு. மாடு." அவர் குறுக்கே கை நீட்டி நாலைந்து பக்கம் தள்ளித் திருப்பினார். அதையும் படித்தாள். சிலேட்டைக் கொடுத்து, "வீடுன்னு எழுது" என்றார். எழுதி அவர் முன்னால் நீட்டினாள். அவருக்கு நேராக, அழகாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். "இவள திருப்பிப் போட ஒரு மாசம் போதும். சேத்துக்கறேன்."

சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரிந்தது. படவில்லை. கீழே கிடந்த சிலேட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சந்தோஷப்பட்டார். பிறகு தலையைச் சொறிந்தார். "இது எங்க தேறப்போவுதுன்னு வந்தேன். தேறிடிச்சி. சின்னத யார் பாத்துக்கறது? அவங்கம்மா கொல்லைக்குப் போவணுமே." குழந்தையைப் பார்த்தார். "வாணாங்க. இது இன்னும் ரெண்டு வருசம் போவட்டும். சின்னது நல்லா நடந்துச்சின்னா பாக்கலாம்."

அவள் தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். அழுதிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். இவ்வளவுதான் நமக்கு என்று முடிவு கட்டிய முகம், ஆறேழு வயதுப் பிள்ளைக்கு. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"கொழந்தைய என்கிட்ட விட்டுட்டுப் போங்க" என்றேன். "பகல்ல பள்ளிக்கூடத்துல இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சள்ள?"

"பாத்துக்கறேன்னு சொன்னேன்ல?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவளை நம்பலாமா என்று அளந்த பார்வை. பிறகு கிட்ட வந்து குழந்தையை நீட்டினாள். "இடுப்புல வெச்சா உங்ககிட்ட அழுவும் டீச்சர். தோள்ல போட்டுக்குங்க. கூழ ஆற வெச்சி ஊட்டுங்க. தூக்கம் வந்தா காதப் புடிச்சி இழுக்கும், அடிக்காதீங்க."

"அடிக்க மாட்டேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு, விடுதியில் சேர்ந்த மற்ற பிள்ளைகள் நின்ற வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

திரும்பும்போது அப்பா ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டார். நான் முன்னிருக்கையில். தோளில் கிடந்த குழந்தை என் காதைப் பிடித்து இழுத்து இழுத்துத் தூங்கிப்போனது. கனமாக இருந்தது. வண்டி ஒரு திருப்பத்தில் சாய்ந்தபோது அதன் தலை கம்பியை உரசப் பார்த்தது. சட்டென்று உள்ளங்கையைக் குறுக்கே கொடுத்தேன். அடுத்த திருப்பத்துக்கு முன்பே கையை வைத்துக்கொண்டேன். ஓரத்தில் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று எட்டிப் பார்த்தேன்.

"மெல்ல போங்க" என்றேன்.

"மெல்லதான் போறேன் டீச்சர்."

"இன்னும் மெல்ல போங்க! கொழந்த இருக்குது!"

நான் கத்தியதில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னா டீச்சர், எப்பவும் வர்ற ரோடுதானே? இன்னிக்கி இன்னா இப்டி பயப்படறீங்க?"

பயம்தான். குழந்தையின் முதுகில் கை வைத்து, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.