நாலாவது தட்டு

என் மாமனார் வேம்புலியை நான் திட்டாத நாள் கிடையாது. வயது தொண்ணூற்றிரண்டு. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முப்பத்தொரு வருஷம். ஒருநாளாவது மனிதர் எங்களுக்கு முன்னால் சாப்பிட்டிருக்க வேண்டுமே! சாப்பிட்டவர்கள் தட்டைக் கழுவி சமையல் மேடையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அவர் வந்து எண்ணுவார். மாமியார் கன்னியம்மா, என் வீட்டுக்காரர் கோவிந்தன், மகள் விஜி, நான். நாலும் கவிழ்ந்திருந்தால்தான் உட்காருவார்.

"இது இன்னா மிலிட்டரியா மாமா?" என்று கத்துவேன்.

"ஆமா" என்பார், அவ்வளவுதான்.

மிலிட்டரிதான். அறுபத்தைந்தாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் பத்துப் பேருக்குப் பொறுப்பாக இருந்தவர். ஒரு நாள் மத்தியானம் பதுங்குகுழிக்குச் சப்பாத்தி வந்தது. எல்லோரும் தின்றாகிவிட்டது என்று நினைத்து அவரும் தின்றார். டெலிபோன் ஒயர் இழுக்கப் போன யூசுப் என்பவர் திரும்பி வரவில்லை. அவர் பங்குச் சப்பாத்தி துணிக்குள்ளேயே இருந்தது. அன்றைக்குப் பிடித்தது இந்த எண்ணிக்கை.

பட்டாளத்திலிருந்து வந்து வேப்பம்பட்டில் ஒரு ஏக்கர் வாங்கி நெல் போட்டார். வீடு ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில். தொண்ணூறு வயது வரை ஆவடியில் ரயிலேறி, மண்வெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்து போவார். நாற்று நட வந்த பெண்கள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அங்கேயும் தூக்குவாளியைத் திறப்பார்.

போன ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்த மாமியார் எழுந்திருக்கவே இல்லை. எண்பத்தைந்து வயது, நோய்நொடி இல்லாமல் போனார், கல்யாணச் சாவு என்றார்கள். விஜிதான் மேலே விழுந்து அழுதாள். "தட்டுல கையே வெக்கலியே ஆயா! கொலப் பட்டினியா பூட்டியே!"

அதைக் கேட்டதிலிருந்து மாமா டீயைத் தவிர எதையும் தொடவில்லை. துக்கம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இருந்தோம். பால் தெளித்து மூன்று நாளாகியும் அதே கதை. டாக்டர் வந்து பார்த்தார். இன்று ராத்திரிக்குள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும், இந்த வயதுக்கு அதுவே ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிசைந்த சோற்றை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன்.

"இன்னா மாமா நெனச்சிகினு கீறீங்க? அத்த பின்னாடியே போறதுன்னு முடிவா? அப்ப நாங்கள்லாம் யாரு?"

அவர் மெல்ல எழுந்து போய் மாமியாரின் தட்டை எடுத்து வந்தார்.

"அன்னிக்கி இது கவுந்து இருந்துச்சும்மா. நாலுன்னு எண்ணிட்டு நான் துன்னுட்டேன். ஈரம் கீதான்னு தொட்டுப் பாத்தனா? அவ பசியோட பூட்டா. ரெண்டாவது வாட்டி இப்டி பண்ணிட்டேன்."

அந்தத் தட்டைக் கவிழ்த்து வைத்த பாவி நான்தான்.

"மாமா, அன்னிக்கி அத்த வாய்க்கு ஒண்ணும் புடிக்கலன்னாங்க. 'தட்ட மட்டும் கவுத்துடுடி, இல்லன்னா உன் மாமனார் துன்ன மாட்டாரு'ன்னாங்க. கவுத்துட்டேன். ஆனா உட்டேனா நானு? என் தட்டுலர்ந்து உருட்டி உருட்டி ஆறு வாய் ஊட்னேன். அத்த வேணான்னத மட்டும் பாத்துட்டு விஜி கடைக்குப் பூட்டா, அப்பறம் ஊட்னது அவளுக்கு இன்னா தெரியும்? நீங்க திட்டுவீங்கன்னு நானும் வாயத் தொறக்கல."

மாமா என்னையே பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"இன்னா கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு. கத்திரிக்கா போட்டது."

"இன்னா சொன்னா?"

"இன்னா சொல்வாங்க? காரமே பத்தலடி, மொளகாத்தூளு என்னா வெலையான்னாங்க. ஆறாவது வாய்க்கு, போதும்டின்னு கையத் தள்ளி உட்டாங்க."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். "அவதான். அவளுக்கு என்னிக்கி காரம் பத்திச்சு?"

மாமியாரின் தட்டைக் கொண்டுபோய் அவரே கவிழ்த்து வைத்தார். வழக்கம்போல் விரலை நீட்டி எண்ணினார். கன்னியம்மா, கோவிந்தன், விஜி. விரல் நின்றது.

"உன்து எங்கம்மா?"

மூன்று நாளாக வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்குப் பொங்கிப் போட்டுக்கொண்டே, நான் நின்றபடி காப்பித்தண்ணியில் ஓட்டிக்கொண்டிருந்தேன். யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

அவருக்குப் பிசைந்து வைத்த தட்டை என் பக்கம் தள்ளினார். "மொதல்ல நீ துன்னு."

அழுதுகொண்டே தின்றேன். கழுவிக் கவிழ்த்தேன். மாமா தட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்து, ஈர விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இப்ப எனக்குப் போடு."