றங்குப்பெட்டியைக் கண்டால் கடிக்கும் நாய்

வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பக்கத்துக் காம்பராக்காரர்கள் இந்தியாவுக்குப் போன அன்று, தங்கள் நாயை எங்கள் வாசல் தூணில் கட்டிவிட்டுப் போனார்கள். எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்; வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மற்றதற்கெல்லாம் வரும்.

இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த வருடங்களில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் எங்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அது நாய்க்கு எப்படிப் புரிந்ததோ, தலையில் தகர றங்குப்பெட்டியோடு யார் நடந்தாலும் பாய்ந்து கெண்டைக்காலைக் கவ்வியது. வெறுங்கையோடு வந்தால் வாலாட்டும். இப்படி இரண்டு பேருக்குக் கால் கிழிந்த பிறகு கங்காணி வந்து நின்றார்.

“இன்னொருத்தரக் கடிச்சிச்சுன்னா தொர சுடச் சொல்லிருவாரு. பொறகு என்கிட்ட வந்து அழாத.”

“அய்யா, அது பெட்டியத்தாங்க கடிக்கப் போகுது. ஆளுதான் நடுவுல வந்துர்றாங்க.”

“ஒன் நக்கல நாய்கிட்டயே வச்சுக்க.”

லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கழுத்தில் மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். கட்டையையும் இழுத்துக்கொண்டே ஓடியது. யாராவது பெட்டியோடு போனால் அதைக் காட்டிக் காட்டிக் குச்சியால் அடித்தேன். அதற்குப் பிறகு பெட்டி தூரத்தில் தெரிந்தாலே பல்லைக் காட்டியது. அடுத்த கடி என் பின்பக்கத்தில் விழுந்தது. கங்காணியிடம் சொல்லவில்லை, அதையும் கணக்கில் சேர்த்துவிடுவார். சில நாட்கள் நின்றுகொண்டே சோறு தின்றேன்.

என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீங்களும் கத்துறீங்க, அதுவும் கத்துது. எது நாயின்னே தெரியல. பெட்டியக் கண்டாத்தானே அதுக்கு வெறி? பெட்டிகிட்டயே சோத்த வைங்க.”

பெட்டி என் தம்பியுடையது. அவனுடைய பாஸ்போட்டும் வரவேண்டியிருந்தது. பெட்டியை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தான். அதை இரவல் வாங்கி வந்து வாசலின் கடைசியில் வைத்தேன். நாய் உறுமாத தூரத்தில் ஒரு சோற்று உருண்டை. அது என் மனைவியின் பங்கிலிருந்து எடுத்தது. என் பங்கை நான் முதலிலேயே தின்றுவிடுவேன். உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டியின் பக்கம் நகர்த்தினேன். உறுமினால் மறுபடி தள்ளி வைத்தேன். கடைசியில் பெட்டியின் மூடி மேலேயே வைத்துத் தின்ன வைத்தேன்.

அடுத்தது பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பது. வேலை முடிந்து வந்ததும் வெறும் பெட்டியோடு லயத்து முனைக் குழாயடி வரை போவேன். நாய் பேசாமல் கூட வந்தால் அங்கே சோறு.

“என்ன மாமா, இன்னைக்கும் இந்தியாவா?” என்று தண்ணீர் பிடிக்கிற பெண்கள் கேட்பார்கள்.

“ஆமாடி. கொழாயடில கப்பல் நிக்குது.”

“மாமிக்கு ஒரு சீல வாங்கிட்டு வாங்க.”

பிறகு தம்பி தூக்கினான், அதன் பிறகு மற்றவர்கள். நாய் யாரையும் தொடவில்லை. பெட்டியைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் ஓடியது. மேல் லயத்துக் குடும்பம் ஒன்று போனபோது, லொறி வரை அவர்கள் பக்கத்திலேயே நடந்தது. கங்காணி பார்த்துவிட்டு, “பொழச்சிருச்சு போ” என்றார். நான் ஏதோ பரீட்சை பாஸ் பண்ணியவன்போல லயமெல்லாம் திரிந்தேன்.

மழை பிடிக்கத் தொடங்கிய ஒரு நாள் தம்பியின் பாஸ்போட்டு வந்தது. அவன் கிளம்பிய காலையில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பெட்டியை நான் தலையில் வைத்துக்கொண்டேன். இப்போது அதில் கனம் இருந்தது. நாய் எனக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போனது. லயத்து வாசல்களில் பெண்கள் அழுதார்கள். அது ஒவ்வொருத்தரையும் பார்த்து வாலாட்டியது.

லொறியில் ஏறுமுன் தம்பி அதன் தலையைத் தடவினான்.

“பாத்தீங்களாண்ணே, இதுகூட போகாதன்னு சொல்லல.”

“எல்லாம் நாம பழக்குனதுடா” என்றேன். சிரிக்க வேண்டிய இடம் அது. அவன் சிரிக்கவில்லை. பெட்டியை அவனிடம் தூக்கிக் கொடுத்தேன்.

மழைத் தூறலில் லொறி வளைவில் திரும்பி மறைந்தது. நாய் என் முன்னால் வந்து உட்கார்ந்து என் கையைப் பார்த்தது. பெட்டி போனால் சோறு கிடைக்கும் என்பதுதான் அதற்குத் தெரியும். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். விரல்களை மோந்து பார்த்துவிட்டு, நம்பாமல், மழையிலேயே உட்கார்ந்திருந்தது.